ஜட்கா குதிரையின் காது

என் மோட்டார் வண்டியின் பழைய ஊதுகுழல் மிக மெலிந்தது. அதன் ரப்பர்ப் பந்தை எவ்வளவு அமுக்கினாலும் மயிலாப்பூர் மாடவீதியில் எவரும் பொருட்படுத்தார். நாள்தோறும் ஊதியே களைத்துப்போன நான், அதைக் கழற்றிவிட்டுப் பேரொலி எழுப்பும் மின்சாரக் குழலொன்றைப் பொருத்தினேன்.

மறுநாள் காலை, மந்தைவெளியில் ஒரு ஜட்கா எனக்கு முன்னே ஊர்ந்து சென்றது. நெருங்கிச் சென்று ஒலித்தேன். குதிரை மிரண்டு பாய்ந்தது. வண்டி சாலையோரப் பள்ளத்தில் இறங்கிச் சக்கரம் முறிந்தது. உள்ளே வண்டிக்காரரின் மகள், பேறுகால வலியோடு தன் தாயின் மடியில் சாய்ந்திருந்தாள்.

"பின்னாடி வண்டி வரது தெரியலையாங்காணும்?" என்று வண்டிக்காரரையே கடிந்தேன்.

குதிரையின் கழுத்தைத் தடவியபடி அந்த வெண்தாடிக்காரர் சொன்னார்: "புள்ளைக்கு நோவு எடுத்துக்கீது சாமி, குலுங்கப்படாதுன்னு மெல்லமா ஓட்டிக்கினு போனேன். குதிரை மிரளாம இருக்க கண்ணுக்கு மறைப்பு கட்டிக்கீறேன். காதுக்கு இன்னாத்தக் கட்றது?"

தாயையும் மகளையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். குழலைத் தொடக் கை கூசியது. தலையை வெளியே நீட்டி, "பிள்ளைத்தாச்சி வரா, கொஞ்சம் வழி விடுங்கோ!" என்று மருத்துவமனை வரையில் கூவிக்கொண்டே சென்றேன். தொண்டை கம்மிவிட்டது; ஆயினும் ஒருவரும் வழி மறுக்கவில்லை.

தாயும் சேயும் நலம் என்று மாலையில் அறிந்த பின்னரே வீடு திரும்பினேன். எத்தனையோ அவைகளில் அறம் பேசியவன் நான். எனக்கு முன்னே செல்பவர் ஏன் மெல்லச் செல்கிறார் என்று அதுநாள்வரை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததில்லை.