பதில் வராத காலை

சக்குபள்ளத்தில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் என் மகள் ஜெனிபரின் கத்தோலிக்கப் பள்ளியில், தனியாக இருக்கும் ஒருவரைத் தினமும் நலம் விசாரிக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் பக்கத்து வீட்டு செல்வி அக்காவைப் பிடித்துக்கொண்டாள். கணவர் இறந்தபின் அவருக்கு யாருமில்லை. சர்க்கரை நோய் வேறு. "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவாள்.

ஒருநாள் காலை பதில் வரவில்லை.

"தூங்குவாங்க. ஸ்கூல் ஜீப்பு போயிரும், வாடி" என்று அவசரப்படுத்தினேன்.

"உள்ள லைட்டு எரியுதும்மா. அத்தை பேசாம நான் வர மாட்டேன்."

அலுப்போடு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அடுப்பருகே அக்கா மயங்கிக் கிடந்தார். என் அலறலைக் கேட்டு ஓடிவந்த ஜீப் டிரைவர் கதவை உடைத்தார். பிள்ளைகளை இறக்கிவிட்டு, அதே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். சர்க்கரை அடியோடு இறங்கியிருந்ததாம். "கொஞ்சம் தாமதிச்சிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது" என்றார் டாக்டர்.

ஈஸ்டர் பூசைக்கு அக்கா புதுச்சேலை கட்டி நடந்தே வந்தார். கோயில் வாசலில் என் மகளை முன்னால் இழுத்து நிறுத்தி, "என்னையப் பொழைக்க வச்சது இவதான்!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தவக்காலம் முடிந்துவிட்டது. இப்போது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தனியாக இருக்கும் எல்லோருக்கும் நானும் குரல் கொடுக்கிறேன். பதில் வராமல் நகர்வதில்லை.

– ரோஸ்லின், சக்குபள்ளம்