பூட்டிய அறையும் மதிய இடைவேளையும்

முத்தியால்பேட்டையில் நான் படித்த பள்ளியின் "மேப் ரூம்" கதவைத் திறந்தால், சுருட்டி வைத்த நிலப்படங்களின் பசை வாடையும் எலிப்புழுக்கை வாடையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்த இடத்தில் இருக்கத் தெரியாத ஜரினாவை முதலில் ரிப்பனால் பெஞ்சோடு கட்டிப் பார்த்த டீச்சர், பிறகு அந்த அறையில் விட்டுப் பூட்டத் தொடங்கினார். கெட்டவர் இல்லை அவர். "தனியா இருந்தாதான் அது அடங்கும், அது நல்லதுக்குத்தான்" என்று மனதார நம்பினார். பூட்டுவதும் திறப்பதும் வகுப்பு லீடரான என் வேலை. அதில் எனக்குப் பெருமை இருந்தது, மறைப்பானேன்.

அப்போதெல்லாம் எங்கள் ஊரில் பன்னிரண்டு மணிக்குக் கடைகளும் பள்ளியும் மூடினால் திரும்பத் திறக்க இரண்டாகிவிடும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவோம். ஒருநாள் மணியடித்ததும், அறையில் பூட்டியிருந்த அவளை மறந்து ஓடிவந்துவிட்டேன். பாதிச் சோற்றில் இருக்கும்போது ஜரினாவின் அம்மா செருப்புகூட இல்லாமல் வாசலில் வந்து நின்றார்.

"பாப்பா, எங்க ஜரினாவ எங்கனா பாத்தியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லீடர் பதவி போய்விடும் என்ற பயத்தில், "தெரில" என்றேன். அவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.

எச்சில் கையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஜரினா அழவில்லை. தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்து, பாவாடை நனைந்திருந்தது. டீச்சருக்குப் பயந்து, கடற்கரையில் விளையாடி நனைந்துவிட்டதாக வீட்டில் சொல்லி, அதற்கும் அடி வாங்கினாள்.

இப்போது பிள்ளைகளைக் கட்டிப்போடவும் பூட்டிவைக்கவும் சட்டம் இடம் தருவதில்லை. அந்த அறையை இடித்துவிட்டார்கள், டீச்சரும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் கதிர்காமம் ஆஸ்பத்திரி வரிசையில், மகளோடு வந்திருந்த ஜரினாவைப் பார்த்தேன். இன்றும் குளியலறைக்குத் தாழ் போடமாட்டாளாம், மகள்தான் வெளியே காவல் நிற்பாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அம்மா மவுத்தாவுற வரைக்கும் சொல்லுவாங்க, அன்னிக்கி வீடு வீடா கேட்டேன், ஒருத்தருமே பாக்கலன்னுட்டாங்கன்னு."

முதலில் கேட்டது என்னிடம்தான் என்றும், தெரிந்தே பொய் சொன்னேன் என்றும் அன்றுதான் வாய் திறந்து சொன்னேன். அவமானத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

"அம்மா இருக்கும்போதே சொல்லிருக்கலாம்டி" என்றாள் ஜரினா.