கையால் அடித்த கோலும் கோலா கிளாவாங் பயணமும்

சென்ற துரியான் பருவத்தில் ஒரு சனிக்கிழமை, மம்பாவிலிருந்து கோலா கிளாவாங் போய், அங்கிருந்து ரந்தாவ் சென்று, மாலையில் வீடு திரும்பினேன். மொத்தம் நூற்றிருபது கிலோமீட்டர். ஜெலுபு மலைப்பாதையைப் பார்க்கவும் பழம் சாப்பிடவும் போக நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் உதவும். நான் போனது அதற்காக அல்ல. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் கையால் ஒரு கோல் அடித்தேன். அதை அந்தக் கோல் கீப்பரிடம் நேரில் சொல்லப் போனேன்.

முதலில் என்னைப் பற்றி. வயது ஐம்பத்து மூன்று. சிரம்பானில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஸ்டோர் கீப்பர். தொலைக்காட்சியில் எந்த விளையாட்டு ஓடினாலும் உட்கார்ந்துவிடுவேன். காற்பந்து, பூப்பந்து, ஹாக்கி, ஒன்றும் இல்லாவிட்டால் ஸ்னூக்கர். நடுவர்களைத் திட்டுவதில் எனக்கு முப்பது வருட அனுபவம் உண்டு. "ரெஃப்ரிய திட்டுற மாதிரி உங்க முதலாளிய திட்டியிருந்தா எப்பவோ சம்பளம் ஏத்தியிருப்பாரு" என்பாள் என் மனைவி.

அந்தக் கோல் விழுந்தது ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு இடையிலான இறுதி ஆட்டத்தில். நான் மேட்டுத் தோட்டம். எதிரணி ஆற்றுத் தோட்டம். இவை ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர்கள். வரைபடத்தில் தேட வேண்டாம். மழை பெய்து திடல் சேறாகிக் கிடந்தது. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கார்னர். அவர்களுடைய கீப்பர் சேகரன் என்னைவிட உயரம். அவர் பந்தைப் பிடிக்க எழும்பினார், நான் அவருக்கு முன்னால் எழும்பினேன், எட்டவில்லை என்று தெரிந்தது, இடது முஷ்டியால் பந்தைக் குத்தினேன். உள்ளே போய்விட்டது.

நடுவர் வேறொரு தோட்டத்துக் கிராணி, அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவர். பத்துப் பேருக்குப் பின்னால் நின்றதால் அவர் பார்க்கவில்லை. சேகரன் கத்திக்கொண்டு ஓடியதும் அவர் நேராக என்னிடம் வந்து கேட்டார். "தம்பி, தலையா, கையா?"

"தலைங்க சார்" என்றேன்.

ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை எங்களுக்கு. கையால் அடித்ததை அந்த நொடியில் என்னையறியாமல் நடந்தது என்று சொல்லலாம். பதில் சொன்னதை அப்படிச் சொல்ல முடியாது. அவர் பொறுமையாகக் கேட்டார், நான் யோசித்துத்தான் சொன்னேன்.

இதை நான் பல வருடம் மறந்தே போனேன். இந்த ஆண்டு தொடக்கத்தில் சிரம்பானில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய ஆட்டக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். அந்த இறுதி ஆட்டத்தில் எங்கள் அணித்தலைவராக இருந்த தாஸ் ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் காட்டினான். "கோலா கிளாவாங் சேகரனாம். மகளுக்குக் கல்யாணமாம். யாருடா இது?" பத்திரிகை கைக்குக் கை போனது. எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருவர், "அட, நம்ம ஓட்ட வாளி லா!" என்றார். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ரப்பர் பால் வாளியில் ஓட்டை இருந்தால் மரம் சீவிப் பயனில்லை. அந்த ஆட்டத்துக்குப் பிறகு சேகரனுக்கு அவருடைய அணியே வைத்த பெயர் அது. பந்தை விட்டுவிட்டுச் சாக்குச் சொல்கிறான் என்று அடுத்த வருடம் அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள். பிறகு அவர் ஜெலுபு பக்கம் போய்விட்டார். இதெல்லாம் அந்த மேசையில்தான் எனக்குத் தெரிந்தது. சேகரனிடம் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். மகளின் கல்யாணத்தில் போய் இதைப் பேசுவது சரியில்லை. அது முடியட்டும் என்று காத்திருந்தேன்.

காலை ஏழு பத்துக்கு மம்பாவில் காரை எடுத்தேன். வழியில் ராசா ஊரில் தோசையும் தே தாரே தேநீரும், ஆறு ரிங்கிட் நாற்பது காசு. தோசை சுமார், சட்னி நன்று. சிரம்பானைத் தாண்டி பந்தாய் வரை சாலை நேராக இருக்கும். அதற்குப் பிறகு புக்கிட் தங்கா ஏற்றம். வளைவுகள் நிறைய, சனி, ஞாயிறுகளில் பெரிய மோட்டார் சைக்கிள்காரர்கள் எதிர்ப்பக்கம் வந்து திருப்புவார்கள். அவசரப்படாதீர்கள். மழை விட்ட காலையாக இருந்தால் மேகம் சாலையிலேயே நிற்கும். வழியில் ஜெரம் தோய் அருவிக்குப் பலகை இருக்கிறது. நான் நிற்கவில்லை. நின்றால் அங்கேயே குளித்துவிட்டுத் திரும்பியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

எட்டு ஐம்பதுக்குக் கோலா கிளாவாங். என் மீட்டரில் நாற்பத்தாறு கிலோமீட்டர். பசாரில் கேட்டதும் வழி சொன்னார்கள். சேகரன் வார நாட்களில் பள்ளி வேன் ஓட்டுகிறார், பருவத்தில் சாலையோரம் கூடாரம் போட்டுத் துரியான் விற்கிறார்.

நான் போனபோது பழம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிக்அப் மேல் நின்று அவர் மனைவி மல்லிகா ஒவ்வொரு பழமாக வீசினார். சேகரன் தடித்த கையுறை போட்டுக் கீழே நின்று பிடித்தார். பிடித்துக் குனிந்து வைப்பதற்குள் அடுத்தது வந்தது. பதினைந்து, இருபது பழம் பார்த்திருப்பேன். ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

"கம்போங் பழம், நாட்டு ரகம், கிலோ பன்னெண்டு" என்றார் என்னைப் பார்க்காமலேயே.

"நான் மணியம். மேட்டுத் தோட்டம்."

கையில் இருந்த பழத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. உயரம் மட்டும் குறையவில்லை.

"தெரியுது. சொல்லுங்க."

வழியெல்லாம் நான் தயார்செய்த முன்னுரை காணாமல் போயிற்று. "அந்த ஃபைனல்ல நான் கையாலதான் அடிச்சேன். ரெஃப்ரி கேட்டப்ப பொய் சொன்னேன். மன்னிச்சுக்குங்க."

"என் கண்ணு முன்னாடிதான குத்துனீங்க? எனக்குத் தெரியாததா?" குரலில் கோபம் இல்லை. "இத சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஆமா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிக்அப் மேலிருந்து மல்லிகா கேட்டார். "அப்ப நெசமாவே கையா?"

சேகரன் திரும்பினார். "என்னா நெசமாவே? பொண்ணு பாக்க வந்தப்பவே உங்கிட்ட சொன்னேன்ல?"

"சொன்னீங்க. தோத்தவங்க எல்லாம் அப்படித்தான சொல்லுவாங்கன்னு நெனச்சேன்."

"அப்ப இத்தன வருஷமா தலைய தலைய ஆட்டுன?"

மல்லிகா கையிலிருந்த பழத்தை வீசாமல் அப்படியே மெதுவாக வண்டியில் வைத்தார். சேகரன் கையுறைகளைக் கழற்றிப் பலகைமேல் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஒரு மனிதனின் பெயரைத்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து வந்திருந்தேன். அவர் வீட்டுக்குள்ளும் அது போய் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கவில்லை.

இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து பழம் வாங்கிப் போனார்கள். மல்லிகா எடை போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு எனக்கும் ஒரு பழம் வெட்டி வைத்தார்கள். விருந்தாளியாகிவிட்டேன், சாப்பிடாமல் இருக்க முடியாது. நல்ல கசப்பு, துரியானுக்கு அதுதான் சிறப்பு. பாதிப் பழம் தின்றிருந்தபோது சேகரன் சொன்னார். "இன்னிக்கு ரந்தாவ்ல கெழவனுங்க மேட்ச், நாலு மணிக்கு. பெருமாள்தான் நடத்துறான். எங்க கேப்டன். எனக்குப் பேரு வெச்சவன்."

"ம்."

"எங்கிட்ட சொல்லி எனக்கு ஒண்ணும் ஆவாது. எனக்குத் தெரிஞ்சதத்தான் சொல்றீங்க. அங்க வந்து சொல்லுங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் போக விருப்பமில்லை. சேகரனிடம் மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு கிலோ பழத்தோடு வீட்டுக்குப் போவதுதான் என் திட்டம். தாஸும் மற்றவர்களும் அங்கே இருப்பார்கள். வாரம் தவறாமல் அவர்களோடுதான் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறேன். கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். மல்லிகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, வர்றேன்" என்றேன்.

ஒன்றரை மணிக்குக் கடையைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மல்லிகாவும் கிளம்பினார். பருவத்தில் சனிக்கிழமை மதியம் கடை மூடுவது சின்ன விஷயமல்ல. அவர்களுடைய பிக்அப் முன்னால் போக, நான் பின்னால் போனேன். இறக்கத்தில் ஒரு லாரியின் பின்னால் இருபது நிமிடம் ஊர்ந்தோம். சிரம்பான் வழியாக ரந்தாவ் போய்ச் சேர மூன்று நாற்பது. அறுபது கிலோமீட்டர்.

திடலைச் சுற்றி இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. நாங்கள் ஆடியபோது ஒரு பக்கம் ரப்பர். கோல் கம்பங்களுக்குப் புதுசாக வெள்ளை அடித்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அணிக்கு ஏழு பேர், பாதிக்குப் பத்து நிமிடம். அதற்கே இரண்டு பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கூடாரத்தில் கிடந்தார்கள். சிராப் பாண்டோங், அதாவது ரோஜாப் பால், ஒரு கப் இரண்டு ரிங்கிட். ஒலிபெருக்கியைப் பெருமாள் வைத்திருந்தார். சேகரனைப் பார்த்ததுமே அதிலேயே கூப்பிட்டார். "ஓட்ட வாளி வந்துட்டான்டோய்!" எல்லோரும் கை காட்டினார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் பெருமாளிடம் மைக் கேட்டேன். நன்கொடை அறிவிக்கப் போகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். நான் சொன்னது நான்கு வாக்கியம். யார் நான், எந்த ஆட்டம், கையால் அடித்தேன், நடுவரிடம் பொய் சொன்னேன். யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்.

முதலில் வந்தது தாஸ்தான். "டே, ஒனக்கு என்னடா ஆச்சு? கப்பு எங்க வீட்டு ஹால்ல இருக்குடா. எங்கள எல்லாம் கள்ளனாக்கிட்டு நிக்கிற?"

"ஒங்கள இல்ல தாஸ். நான் ஒருத்தன்தான்."

"பதினோரு பேரு ஆடுனோம்டா" என்று சொல்லிவிட்டு அவன் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த இறுதி ஆட்டத்தில் அவன் நன்றாகத்தான் ஆடினான்.

பெருமாள் சமாதானமாகப் பேசினார். "விடுங்க லா. முப்பது வருஷக் கதை. யாரு இப்ப ஞாபகம் வெச்சிருக்கா?"

"நீதான் வெச்சிருக்க" என்றார் சேகரன். "இப்ப மைக்ல என்னான்னு கூப்புட்ட?"

பெருமாள் மைக்கின் சுவிட்சை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, "நான் அந்தப் பக்கம் நின்னேன் சேகரா. எனக்குத் தெரியல. நீ விட்டுட்டேன்னுதான் நெனச்சேன்" என்றார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. சேகரன் அதற்காகக் காத்திருந்த மாதிரியும் தெரியவில்லை. அவர் பார்த்தது மல்லிகாவை. மல்லிகா அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

சற்று நேரத்தில் கூடாரத்திலிருந்து ஒருவர் பழக்கத்தில், "வாளி, பாண்டோங் குடிக்கிறியா?" என்று கேட்டார். மல்லிகா திரும்பிச் சொன்னார். "சேகரன். அவரு பேரு சேகரன்." கேட்டவர் ஒரு கணம் விழித்தார். "சேகரா, குடிக்கிறியா?" என்றார். காலுக்குப் புதுச் செருப்பு மாதிரி, பெயர் அவர் வாய்க்கு இன்னும் பழகவில்லை.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். சேகரன் என் காருக்குள் ஒரு பை பழத்தை வைத்தார். காசு வாங்கவில்லை. "மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க. பழம் மிச்சம், அவ்வளவுதான்" என்றார். பிறகு கை கொடுத்தார். நல்ல பெரிய கை.

ஆட்டத்தில் தவறு நடந்தால் இப்போது திரையில் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். கடையில், வீட்டில், நாம் சொன்ன ஒரு சொல் யாரிடம் போய் எப்படி விழுந்தது என்பதை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. அன்றிலிருந்து நடுவர்களைத் திட்டுவது எனக்குக் குறைந்திருக்கிறது. நின்றுவிட்டது என்று எழுதினால் மனைவி படித்துவிட்டுச் சிரிப்பாள்.

போக நினைப்பவர்களுக்கு: பெட்ரோலுக்கு முப்பது ரிங்கிட் போதும். மலைப்பாதைக்குக் காலை எட்டுக்கு முன்பே ஏறிவிடுங்கள். துரியானுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்லது. பதினொன்றுக்கு மேல் நல்ல பழம் தீர்ந்துவிடும். என்னைப் போல வேறு காரியமாகப் போகிறவர்கள் வெறுங்கையோடு போங்கள், உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், திரும்பும் நேரத்தை முன்கூட்டி முடிவு செய்யாதீர்கள்.

தாஸ் இன்னும் என் அழைப்பை எடுக்கவில்லை. அவனிடமும் நேரில்தான் போக வேண்டும். அவன் வீடு ரந்தாவில், என் வாசலிலிருந்து பதினான்கு கிலோமீட்டர், மேடும் இல்லை, வளைவும் இல்லை. இரண்டு சனிக்கிழமை சாவியை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன்.