ரஞ்சனியின் வெள்ளைப் பொடி

ஓவேலிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கொழுந்து பறிக்கிற ரஞ்சனிக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் ஒரு சீக்கு வந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. டிஸ்பென்சரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. காலையில் கண் விழித்தால் எதற்கு விழித்தோம் என்று இருக்கும். தலை வாரப் பிடிக்காது, உலை வைக்கப் பிடிக்காது, பக்கத்து வீட்டில் யாராவது சிரித்தால் எரிச்சலாக வரும். கேட்டவர்களிடம் அலுப்பு என்பாள். அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுவாள்.

காலமும் அதற்கேற்ற காலம்தான். கொரோனா ஓய்ந்த கையோடு தேயிலை விலை படுத்தது; படுத்தது படுத்ததுதான், எழுந்திருக்கிற வழியாக இல்லை. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடினால் அதிசயம். அங்கே வேலை பார்த்த அவள் புருஷன் ரவிச்சந்திரன் திருப்பூருக்குப் போய்விட்டான். எஸ்டேட்காரர்களோ ஆளைக் குறைக்க என்ன சாக்குக் கிடைக்கும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

அங்கே பறிக்கிற பெண்கள் பெரும்பாலும் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அங்கிருந்து சொத்து ஒன்றும் வரவில்லை, கொஞ்சம் பேச்சு வந்தது. அதில் ஒன்று அரைப்பேர். நாளுக்கு இருபது கிலோ பறித்தால் முழுப்பேர், முழுச்சம்பளம். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர், பாதிச் சம்பளம். மழையில் நாள் முழுக்க நனைந்ததையெல்லாம் எவனும் கேட்கமாட்டான். அந்த அலுப்பு மாதங்களில் ரஞ்சனிக்கு முழுப்பேர் விழுந்தது என்றால் அது பொன்னாயியின் புண்ணியம். அடுத்த நிரையில் பறிப்பவள், பதினைந்து வயது மூத்தவள், தனிக்கட்டை. மேஸ்திரி லிங்கசாமி அந்தப் பக்கம் திரும்பியதும் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி ரஞ்சனியின் கூடையில் போடுவாள். அதைச் சொல்லிக் காட்டியது கிடையாது.

தீபாவளிக்கு வந்த தம்பி தரணிதரன் அக்கா இருந்த இருப்பைப் பார்த்தான். அவன் கோயம்புத்தூரில் ஒரு ஜிம்மில் மெஷின் துடைக்கச் சேர்ந்து, இப்போது அங்கேயே பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவன். அடுத்த முறை வந்தபோது ஒரு பிளாஸ்டிக் டப்பா கொண்டுவந்தான். உள்ளே கிரியேட்டின் என்று வெள்ளையாக ஒரு பொடி. பயில்வான் மாவா என்று சிரித்தாள் ரஞ்சனி. கறியிலும் மீனிலும் இருக்கிற சங்கதிதான், மாதம் ஒருதரம் கறி எடுக்கிறவர்களுக்கு அது அவ்வளவாகச் சேர்வதில்லை என்றான். உடம்புக்குத் தெம்பு, மனசுக்கும் கொஞ்சம் தெம்பு வரலாம் என்கிறார்கள், எல்லாருக்கும் வரும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றான். தினம் ஒரு சின்னக் கரண்டி, நிறையத் தண்ணீர். கிட்னிக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனான்.

பொடி பெரிதில்லை, தண்ணீர்தான் பாடு. மலையில் பெண்கள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க ஒரு மறைப்புக் கட்டித்தர எந்தத் துரைக்கும் இன்றுவரை மனசு வரவில்லை. அட்டை கடிக்கிற புதருக்குள் போக வேண்டும், அதையும் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ரஞ்சனி வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் குடித்தாள்.

மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. நாலாவது வாரம் ஒருநாள் மேட்டு மலை ஏறி முடித்த பிறகுதான், வழியில் எங்கேயும் நின்று மூச்சு வாங்கவில்லை என்பது உறைத்தது. இன்னொரு காலை தானாகவே தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். பொடியா, தண்ணீரா, நம்மை நினைத்து ஒருத்தன் டப்பா தூக்கிக்கொண்டு வந்தானே என்ற நினைப்பா, யார் கண்டது? கை தானாக ஓடியது. சந்தோஷமாக இருந்தது. சும்மா இல்லை, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி பிசகினாள். விலை படுத்த காலத்தில் அங்கே யாரும் இருபத்திரண்டு கிலோவுக்கு மேல் தன் பேரில் நிறுக்கமாட்டார்கள். கூட வந்தால் முடியாதவள் சாக்கில் தள்ளிவிடுவார்கள். எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் தெரியாதவள் கிடையாது. ரஞ்சனி தொடர்ந்து நாலு நாள் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று நிறுத்தாள். தராசில் எண் ஏறுவதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தன்னைத் தனக்கே பிடித்திருந்தது. பொன்னாயி கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"வேணாம் புள்ள. எல்லாருக்கும் சேத்து வரும்."

ரஞ்சனிக்குச் சுருக்கென்றது. விழுந்து கிடந்தபோது பரிதாபப்பட்டவர்களுக்கு எழுந்து நின்றால் வயிறு எரிகிறதாக்கும் என்று நினைத்தாள். ஐந்தாம் நாளும் வீம்புக்கு முப்பத்திரண்டு நிறுத்தாள்.

திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கிற இடத்தில் லிங்கசாமி தொண்டையைச் செருமினார்.

"ஒரு பொம்பளைக்கு முப்பத்திரண்டு முடியுதுங்க. மத்தவங்களுக்கு இருபத்தாறு முடியாதுங்களா? இன்னிலிருந்து அதான் கணக்குன்னு மேனேஜர் சொல்லிட்டாருங்க."

இன்னொன்றும் சொன்னார். மாதத்தில் பத்து அரைப்பேர் விழுந்தால் தற்காலிக ஆட்களின் பேரை வெட்டிவிடுவார்களாம். பேர் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். பொன்னாயி இருபது வருஷமாகத் தற்காலிகம்.

யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். ரஞ்சனி எல்லார் தலையிலும் போட்டுவிட்டாள். தன் கையைச் சுருக்கிக்கொண்டு இருபத்தாறோடு நிறுத்திப் பார்த்தாள். ஏறின கணக்கு இறங்குமா? பொன்னாயியின் கூடையில் அள்ளிப் போடலாம் என்றால், லிங்கசாமி அவளைத் தோட்டத்தில் வேறு மலைக்கு மாற்றிவிட்டிருந்தார்; நிறுக்கிற இடத்திலும் சாக்குகளை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. மற்ற பெண்கள் திட்டவில்லை, பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். திட்டியிருந்தால் தேவலை. மாதம் பாதி தாண்டும்போது பொன்னாயிக்கு எட்டு அரைப்பேர்.

ஒன்பதாவது எந்த நாளோ என்று ரஞ்சனி பதைத்துக்கொண்டிருந்த ஒரு காலை, பொன்னாயி ஒரு டம்ளரோடு வாசலில் வந்து நின்றாள். பொடி விஷயம் லயத்தில் எல்லாருக்கும் தெரியும், லயத்தில் எது தங்கும்? தனக்கும் ஒரு கரண்டி வேண்டும் என்றாள். முகத்தில் கோபம் இல்லை. ரஞ்சனி அவள் காலைப் பார்த்தாள், வீங்கியிருந்தது. போன வருஷம் கிட்னி பழுது என்று பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். கஞ்சி கொண்டுபோய் ஊட்டியது ரஞ்சனிதான்.

"ஒங்களுக்கு அது ஆகாதுக்கா. கிட்னிக்குக் கெடுதல்."

"கிட்னி போனா ஆஸ்பத்திரியில படுத்துக்குவேன். லயம் போனா எங்க புள்ள படுக்கிறது?"

ரஞ்சனி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். டப்பாவைத் திறந்தாள், மூடினாள். அடுப்படியில் புட்டுக்கு இடித்து வைத்திருந்த பச்சரிசி மாவில் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாள். பொன்னாயி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ருசியே இல்லையே என்றாள். அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு ரஞ்சனி டம்ளரைக் கழுவப் போனாள். பொன்னாயி கூடையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று மேடு ஏறினாள்.

அன்றைக்கு முழுதும் ரஞ்சனிக்குக் கை ஓடவில்லை. சாயங்காலம் நிறுக்கிற கொட்டகைக்கு முதல் ஆளாக வந்து காத்திருந்தாள். பொன்னாயி சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள், உதடு வெளுத்திருந்தது, நிற்க முடியாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். லிங்கசாமி தராசைப் பார்த்து இருபத்தைந்து என்றார். அரைப்பேர் எழுதினார்.

பொன்னாயி அழவில்லை. ரஞ்சனியைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் மலர்ந்திருந்தது.

"நேத்து இருபத்தொண்ணு, இன்னிக்கு இருபத்தஞ்சு. வேலை செய்யுது புள்ள. நாளைக்கு ரெண்டு கரண்டியாப் போடு."