‘வேண்டாம்’ என்று வந்த பதில்

பேருந்து நிலையத்தில் அவள் குரலைத் தெரியாதவர்கள் இல்லை. முகத்தைத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மாடிப்படி முடிகிற இடத்தில் அவளுடைய அறை. மேசை, மைக், இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். மூன்றாவது ஆள் வந்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே உட்கார்ந்து பதினெட்டு வருடமாக எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர்களும் கடைக்காரர்களும் அவளை ‘மைக் அக்கா’ என்பார்கள்.

மைக் அக்காவுக்கு எதையும் ஆண்டவரிடம் கேட்டுச் செய்கிற பழக்கம். குடை எடுக்கட்டுமா, நடந்து போகட்டுமா, பக்கத்து வீட்டு அம்மாவிடம் தண்ணீர்க் குழாய் விஷயத்தை இன்று பேசலாமா நாளைக்குப் பேசலாமா, எல்லாமே ஜெபத்தில் வரும். கீழே பேருந்துகளின் நேரத்தைக் குறிக்கிற டைம் கீப்பர் அண்ணன் நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது.

“என்னம்மா, டீயா காப்பியா? மேலேருந்து உத்தரவு வந்தாச்சா?”

“அதெல்லாம் நானே பாத்துக்குவேன் அண்ணே,” என்று சிரிப்பாள். உண்மையில் அதையும் சில நாள் கேட்டதுண்டு.

சிரிப்பு அவரோடு முடிந்துவிடும். வீட்டில் சிரிக்க ஆள் இல்லை. அம்மா போய் ஆறு வருடம். சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனால், காலையில் கவிழ்த்து வைத்த டம்ளர் கவிழ்த்த இடத்திலேயே இருக்கும். நாள் முழுவதும் ஆயிரம் பேரோடு பேசிய வாய், அதற்குப் பிறகு ஆண்டவரோடு மட்டும்தான் பேசும். அவரும் அநேகமாகக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

ஒரு கேள்வி மட்டும் இருபத்திரண்டு வருடமாக அவளோடு மல்லுக்கு நின்றது.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. சித்தப்பா ஒரு வரன் கொண்டு வந்தார். மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் வேலை. சித்தப்பா வீட்டு முன்னறையில் இருபது நிமிடம் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். அவன் நகக்கண்ணில் மை ஒட்டியிருந்தது. பேசும்போது வாய்க்கு முன்னால் கண் சிரித்துவிடும். அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. மூன்று நாள் ஜெபித்தாள். மூன்றாம் நாள் விடியலில், முழங்காலில் இருக்கும்போதே, நெஞ்சுக்குள் ‘வேண்டாம்’ என்று ஒரே ஒரு சொல் விழுந்தது. சத்தமில்லை, ஆனால் சந்தேகத்துக்கும் இடமில்லை.

“ஆண்டவர் வேண்டாம்னு சொல்லிட்டார் சித்தப்பா.”

“காரணம் சொன்னாரா?”

“சொல்லலை.”

“அப்ப அது ஆண்டவர் இல்லை, உன் பயம்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போன சித்தப்பா, சாகிறவரைக்கும் அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு வேறு வரனும் வரவில்லை. அம்மா படுக்கையில் விழுந்தாள். மலமும் மூத்திரமும் அள்ளிப் போட்டு இவளே பார்த்துக்கொண்டாள். சபையில் யாராவது சாட்சி சொல்லும்போது, “அன்னைக்கு அந்தக் கதவை ஆண்டவர் அடைச்சார், பிறகுதான் காரணம் புரிஞ்சது” என்பார்கள். மைக் அக்கா கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் காரணம் புரிகிற நாள் மட்டும் வரவே இல்லை. அந்த அச்சகத்துக்காரன் குடிகாரன் என்றோ முன்கோபி என்றோ ஒரு பேச்சு காதில் விழாதா என்று அவள் ஏங்கிய நாட்களும் உண்டு. பிறகு தானே வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்பாள்.

ஒரு வியாழக்கிழமை பகல், பதினொன்றரை இருக்கும். ஒருவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

“அம்மா, என் மனைவியைக் காணோம். தண்ணி பாட்டில் வாங்கப் போனேன், திரும்பி வந்தா ஆளில்லை. நீலக் குடை, பழுப்புப் பை.”

அவள் ஒரு நொடியும் வீணாக்காமல் மைக்கைப் போட்டு மூன்று முறை அறிவித்தாள். நீலக் குடையும் பழுப்புப் பையும் வைத்திருக்கும் அம்மா உடனே அறிவிப்பு அறைக்கு வரவும். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“அவளுக்குக் காது கேக்காதும்மா.”

“ஐயோ, அதை முதல்லயே சொல்ல வேண்டாமா?”

“சொல்றதுக்குள்ள நீங்க மைக்கைப் போட்டுட்டீங்க.”

சரி, எழுதிக்கொண்டு காவலரிடம் கொடுப்போம் என்று பேனாவை எடுத்தாள். மனைவியின் பேர் கேட்டாள். சொன்னார். தகவல் சொல்ல வசதியாக, அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டாள். “அச்சகத்துலம்மா.” பேனா அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். தலை நரைத்திருந்தது, உடம்பு கொஞ்சம் கனத்திருந்தது. நகக்கண்ணில் மை.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. மனைவியைத் தொலைத்தவருக்கு எதிரில் இருக்கிற முகமா தெரியும்?

அவள் டைம் கீப்பரைக் கூப்பிட்டு மைக்கை ஒப்படைத்துவிட்டுத் தானே படியிறங்கினாள். வேலை நேரத்தில் அவள் கீழே இறங்குவது அபூர்வம். ‘எந்தப் பக்கம் ஆண்டவரே?’ என்று உள்ளுக்குள் கேட்டாள். ஏழாவது நடைமேடை என்று தோன்றியது. போனார்கள். மூட்டைகளும் ஒரு தூங்குகிற நாயும்தான் இருந்தன. அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இன்றைக்கே இப்படி என்றால், அன்றைக்குக் கேட்டதை மட்டும் எப்படி நம்புவது?

அதன் பிறகு எதுவும் கேட்காமல் வரிசையாகவே தேடினாள். கழிப்பறை, பழக்கடை, முன்பக்கத்துக் காத்திருப்பு அறை. அவர் கூடவே நடந்தார். “கோவிச்சுக்கப் போறா, அதுதான் பயமா இருக்கு,” என்றார் நடுவில். அரைமணி நேரம் அவரோடு அடியெடுத்து நடந்ததில், நடக்காத ஒரு வாழ்க்கையின் ஓரத்தைத் தொட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. உடனே கையைக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

புதுக் கட்டடத்துக்குப் பின்னால் பெண்களுக்கு இன்னொரு காத்திருப்பு அறை உண்டு, வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அங்கே தூணுக்குப் பக்கத்தில் நீலக் குடை தெரிந்தது. அந்த அம்மா எழுந்து, வலது கையால் நெற்றியைத் தட்டி, வாசலைக் காட்டி, பத்து விரலையும் விரித்துக் கணவரைத் திட்டத் தொடங்கினாள். அவரும் கையாலேயே கெஞ்சினார். அவர் எதையோ செய்து காட்டியதும் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கண்ணும் சிரித்தது. நல்ல மனிதர், நல்ல கணவர், இதில் மறைக்க ஒன்றுமில்லை. அவன் கெட்டவனாக இருப்பான், அதுதான் காரணம் என்று மைக் அக்கா நெஞ்சில் இருபத்திரண்டு வருடமாக ஒளித்து வைத்திருந்த ஒரு நம்பிக்கை அந்த இடத்திலேயே செத்தது.

அந்த அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பிறகு விரலை வானத்தை நோக்கிக் காட்டினாள்.

“ஆண்டவர்தான் உங்களை அனுப்பினார்னு சொல்றா,” என்றார் அவர்.

வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது. மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்: “கல்யாணமாகி எத்தனை வருஷம்?”

“இருபத்தொண்ணு. முதல்ல வேற ஒரு இடம் பேசினாங்க. அந்தப் பொண்ணு வேண்டாம்னுடுச்சு. மனசு விட்டுப்போச்சு, இனி கல்யாணமே வேண்டாம்னு இருந்தேன். அப்புறம்தான் இவளைப் பார்த்தேன். காது கேக்காதுன்னு ஒம்பது பேர் தட்டிக் கழிச்ச பொண்ணு. வீட்டுல ஒரு வேலைக்காரி மாதிரி வச்சிருந்தாங்க.” மனைவி பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். “அந்த முதல் பொண்ணு நல்லா இருக்கணும்னு இவ இன்னைக்கும் ஜெபம் பண்ணுவா. பேர்கூடத் தெரியாது. சிரிப்பா இல்லை?”

மைக் அக்கா சிரிக்கவில்லை. வண்டி வந்தது. ஏறும்போது அவர் திரும்பி, “உங்களை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கும்மா,” என்றார்.

“குரலைக் கேட்டிருப்பீங்க,” என்றாள்.

அன்று சாயங்காலம் விளக்குப் போடாமலே கட்டிலில் உட்கார்ந்தாள். ‘அந்த அம்மாவுக்கு நீர் செஞ்சது சரி,’ என்று ஆண்டவரிடம் சொன்னாள். ‘ரொம்பச் சரி. நான் குறை சொல்லலை. எனக்கு?’ பதில் வரவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் அழுதாள். அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. கோபத்தில் என்னென்னவோ கேட்டாள். திருப்பிச் சொன்னால் போதகர் திகைத்துப்போவார். அழுது ஓய்ந்தபோது ஒன்று மட்டும் அவளுக்குப் பட்டது. இவ்வளவு நேரம் சண்டை போட்டும், எதிரில் ஆள் எழுந்து போய்விட்டதாகத் தோன்றவில்லை. அதோடு, பேர் தெரியாத தனக்காக ஒருத்தி இருபத்தொரு வருடமாக முழங்காலில் நின்றிருக்கிறாள். தனக்கென்று யாருமே இல்லை என்று எண்ணிய வருடங்களும் அதில் சேர்த்திதான். எழுந்து முகம் கழுவி, ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் அந்த அறையில் வேலை பார்த்தாள். தனிமை அப்படியேதான் இருந்தது. பூட்டைத் திறப்பதும் அவள்தான், பூட்டுவதும் அவள்தான். ஆனால் காரணத்தைக் கேட்டு ஆண்டவரைக் குடைவது குறைந்தது. “தெரியாது அண்ணே, அவர் பாத்துக்குவார், நான் என் பாட்டுக்குப் போறேன்,” என்பாள் டைம் கீப்பரிடம். அவர் ஓய்வுபெறுகிற வரைக்கும் கேலி செய்தார்.

வருடத்துக்கு இரண்டு முறை அந்தத் தம்பதி அந்த வழியாக வருவார்கள். கணவர் கீழே பெட்டிக்குக் காவலிருப்பார். அந்த அம்மா மட்டும் படியேறி வந்து இரண்டாவது நாற்காலியில் உட்காருவாள். அந்த அறைக்கு மைக் அக்காவைப் பார்க்கவென்றே வந்த ஒரே ஆள் அவள்தான். இவள் வண்டி வரிசையை வாசிப்பாள். அவள் அந்த வாயசைவையே பார்த்துக்கொண்டிருப்பாள். தான் யார் என்று மைக் அக்கா கடைசிவரை சொல்லவில்லை. சொல்லட்டுமா என்று ஒருமுறை, அந்த அம்மா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, உள்ளுக்குள் ஜெபித்தாள். அதற்கும் பதில் வரவில்லை. அதனால் பையிலிருந்த ஆரஞ்சை எடுத்து உரித்து, பாதியை அவளிடம் நீட்டினாள்.