கம்ப்யூட்டர் ஓடினால் கிரைண்டர் ஓடாது

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரும் கிரைண்டரும் ஒரே நேரத்தில் ஓடாது. ஓசூரில் எங்கள் லைனில் கரண்ட் அப்படி. அம்மா கிரைண்டர் சுவிட்சைத் தட்டினால் குண்டு பல்பு சிவந்து போகும், மானிட்டரில் படம் நாலு பக்கமும் சுருங்கும், அப்புறம் மெஷின் தானே அணைந்து திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அப்பா ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார். அது டக் டக்கென்று சத்தம் போட்டதே தவிர வேறு ஒன்றும் கிழிக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், அப்பா வேலை பார்த்த கம்பெனியில் ஆளாளுக்குப் பிள்ளைகளை கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா லேத் ஆப்பரேட்டர். கெலமங்கலம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்த குடும்பத்திலிருந்து மெஷினுக்கு வந்த முதல் ஆள். தன் மகள் அதைவிடப் பெரிய மெஷினில் உட்கார வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. என்னையும் கிளாஸில் சேர்த்துவிட்டு, பெங்களூரில் யாரோ அசெம்பிள் செய்து கொடுத்த கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே கொண்டுவந்தார். பார்டர் செக்போஸ்டில் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, பக்கத்தில் இருந்தவரிடம் பழைய டிவி ரிப்பேருக்குப் போய் வருகிறது என்று சொல்லியிருக்கிறார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டில் இருந்ததே ஒரு ரூம், ஒரு ஹால், ஒரு சமையல் இடம். ரூம் கம்ப்யூட்டருக்குப் போனது. இருந்த ஒரே டேபிள் ஃபேனும் அதற்குத்தான். செருப்பு மட்டுமில்லை, ஈரக்காலோடும் உள்ளே வரக்கூடாது. அது ஓடும்போது அடுப்பில் மிளகாய் வறுக்கக்கூடாது. அம்மா தன் நல்ல புடவை ஒன்றைக் கிழித்து அதற்கு உறை தைத்தாள். எனக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் அவளுக்குப் பிசிறு எடுக்கிற வேலை. அச்சில் வார்த்து வருகிற இரும்புச் சாமான்களின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பிசிறை அரம் வைத்து ராவ வேண்டும். நாள் முழுக்க நின்றபடிதான். கையுறை கொடுப்பார்கள், அதைப் போட்டால் வேகம் வராது என்று கழற்றச் சொல்வார்கள். அம்மாவின் விரல் நுனியில் எப்போதும் கீறல் இருக்கும். அந்தக் கையோடு சாயங்காலம் வந்து இட்லி மாவு ஆட்டி, ரூம் எடுத்துத் தங்கியிருந்த அப்ரண்டிஸ் பையன்களுக்கு விற்பாள். மாவு வியாபாரம் பெரிதானால் அரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடலாம் என்பதுதான் அவள் கனவு. அதை அவள் கனவு என்றெல்லாம் சொல்லவில்லை. கை எரிகிற நாளில், "இந்த மாவே போதுமா இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்," என்பாள்.

ஆனால் சாயங்காலம் நான் கம்ப்யூட்டரில் இருப்பேன். அம்மா அரிசியைக் களைந்து வைத்துவிட்டு ரூம் வாசலுக்கு வருவாள். உள்ளே வரமாட்டாள், கை ஈரம். வெளியிலிருந்தே கேட்பாள்.

"பாப்பா, போட்டுக்கட்டுமா?"

"இரும்மா, சேவ் பண்ணணும்."

சேவ் என்ற சொல்லுக்கு அம்மா அப்படிப் பயப்படுவாள். சேவ் பண்ணாமல் கிரைண்டரைப் போட்டால் நான் படித்ததெல்லாம் அழிந்துபோகும் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். என் படிப்பே அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று இரண்டு பேருமே நம்பினார்கள். நானும் நம்பவிட்டேன்.

நான் என்ன படித்தேன்? பாதி நேரம் சீட்டாட்டம். கிளாஸில் சார் மவுஸ் பழகுவதற்கு அதை ஆடச் சொன்னது உண்மை. ஒரு வாரத்தில் மவுஸ் பழகிவிட்டது, ஆட்டம்தான் விடவில்லை. சிவப்பு மேல் கருப்பு, கருப்பு மேல் சிவப்பு என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். எல்லாச் சீட்டும் மேலே ஏறிவிட்டால் ஒவ்வொன்றாகக் குதித்துக் குதித்துத் திரை முழுக்கச் சிதறும் என்று கூடப் படித்தவள் சொல்லியிருந்தாள். எனக்கு ஒரு தடவைகூட அது வரவில்லை. அந்த வயசில் எனக்கு வேறு பெரிய லட்சியம் எதுவும் இருந்ததாக ஞாபகமில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், மெஸ் நடத்துகிற அம்மா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கன்னடக்காரர். அப்ரண்டிஸ் பையன்கள் பாதிப் பேர் அவரிடம்தான் சாப்பிடுவார்கள். அம்மாவும் அவரும் கன்னடத்திலேயே வெகுநேரம் பேசினார்கள். பூஜைக்கு மறுநாள் காலை டிபனுக்கு மாவு வேண்டும், பூஜை அன்று சாயங்காலமே வந்து எடுத்துக்கொள்கிறேன், நன்றாக இருந்தால் இனி தினமும் உங்களிடமே வாங்குகிறேன் என்றார். அவர் போனதும் அம்மா என்னிடம் வந்து, இது மட்டும் அமைந்துவிட்டால் தீபாவளியோடு யூனிட்டுக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்றாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

பூஜை அன்று அப்பாவும் அம்மாவும் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். கம்பெனிகளில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் ஸ்வீட்டும் கொடுத்து மதியத்தோடு அனுப்புவார்கள். அம்மா போகுமுன்பே அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஊறப் போட்டிருந்தாள். மதியம் வந்ததும் ஆட்டினால் சாயங்கால பூஜைக்குள் முடித்துவிடலாம். முடித்தே ஆக வேண்டும். ஏனென்றால் எங்கள் வீட்டில் அப்பாவின் சட்டம் ஒன்று உண்டு. விளக்கேற்றிப் பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை செய்கிறவரை எந்த ஆயுதத்தையும் தொடக்கூடாது. ஸ்பேனர், அரிவாள்மனை, கிரைண்டர், இப்போது கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் அதே சட்டம்தான். அப்பா மற்ற விஷயத்தில் எதற்கும் வளைவார், இதில் மட்டும் வளையமாட்டார்.

அம்மா மதியம் வந்தபோது நான் ஆட்டத்தில் இருந்தேன்.

"பாப்பா, போட்டுக்கட்டுமா?"

இரும்மா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். இன்னும் கொஞ்சம் என்றேன். அன்றைக்குச் சீட்டெல்லாம் எனக்குச் சாதகமாக விழுந்துகொண்டிருந்தது. இந்த ஆட்டம் போனால் அந்த ஆட்டம், அது போனால் அடுத்தது. மறுபடி அவள் குரல் கேட்டபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நடுவுல நடுவுல கேட்டுக்குனே இருந்தா எப்படிம்மா படிக்கிறது?" என்று கத்தினேன். படிக்கிறது என்றுதான் சொன்னேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் எனக்கு அது வந்தது. ராஜாக்கள் ஒவ்வொருவராகக் குதித்து விழுந்தார்கள், அவர்கள் பின்னால் ராணிகள், திரை முழுக்கச் சீட்டு வால் பிடித்துக்கொண்டு ஓடியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எல்லாம் அடங்கின பிறகு மூடிவிட்டு, "அம்மா, சேவ் பண்ணிட்டேன், போட்டுக்கோ," என்று குரல் கொடுத்தேன்.

கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. உளுந்து ஆட்டி முடிவதற்குள் அப்பா பொரிப் பொட்டலமும் பூவுமாக வந்துவிட்டார். கம்பெனி பூஜை முடிந்து ஃப்ரெண்ட்ஸோடு எங்கோ சுற்றிவிட்டு வந்தவருக்கு, வந்ததும் அவசரம். நல்ல நேரம் முடியப்போகிறது, கிரைண்டரைக் கழுவிப் பொட்டு வை என்றார். அரிசி இன்னும் அப்படியே இருக்கிறது என்றாள் அம்மா.

"மத்தியானம் வந்தவ இந்நேரம் வரைக்கும் இன்னாம்மே பண்ணினே?"

நான் அப்போது மானிட்டருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். விரல் கண்ணாடி மேலேயே நின்றுவிட்டது.

"அரிசி ஊறலீங்க," என்றாள் அம்மா.

காலையில் போட்ட அரிசி. கிள்ளினால் மாவாக உடைகிற அரிசி. சந்தனத்துக்கு நடுவில் குங்குமம் வைத்தேன். கிரைண்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே தட்டில் கற்பூரம் காட்டினார் அப்பா.

மெஸ்காரம்மா பாத்திரத்தோடு வந்தபோது கிரைண்டர் பூவும் பொட்டுமாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு அவரும் ஆட்டச் சொல்ல முடியாது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். பரவாயில்லை, வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த பொரியை வாங்கிக்கொண்டு காலிப் பாத்திரத்தோடு போனார். வேறு இடம் கிடைத்துவிட்டது. அப்புறம் அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

அந்த அரிசியை மறுநாள் ஆட்டி, பொங்கி வழிந்த மாவில் நாள்கணக்கில் புளித்த இட்லி தின்றோம். தீபாவளி முடிந்ததும் அம்மா எப்போதும்போல யூனிட்டுக்குப் போனாள். நான் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகிற வரைக்கும் போனாள். எனக்கு பெங்களூரில் வேலை கிடைத்தபோது எல்லாரும் அப்பாவையும் கம்ப்யூட்டரையும் புகழ்ந்தார்கள். அம்மா மட்டும் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். அவ படிக்கிறப்ப ஒரு நாளும் நான் கரண்ட்டைத் தொட்டதில்லை என்றாள். அதைப் பெருமையாகவே சொன்னாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, காபி கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

இப்போது அம்மா என்னோடு பெங்களூரில் இருக்கிறாள். விரல்கள் மடங்குவதில்லை, தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறாள். என் லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. எத்தனை தடவை சொன்னாலும் சரி, மிக்ஸியைப் போடுமுன் வந்து என் அறை வாசலில் நிற்பாள். சில நாள் எரிச்சலாகக்கூட வரும். எரிச்சல் வந்ததற்காக அன்று முழுக்க என்னை நானே திட்டிக்கொள்வேன்.

போன வாரமும் வந்தாள். கையில் ஈரம், உள்ளே வரவில்லை.

"பாப்பா, போட்டுக்கட்டுமா?"

"போடும்மா. இதுக்கு ஒண்ணும் ஆவாது."

அவள் போகவில்லை. என் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த பூஜை அன்னைக்கு சீட்டெல்லாம் குதிச்சி குதிச்சி விழுந்துதே, பாப்பா. நீகூட வாயைப் பொத்திக்குனு சிரிச்சியே. அது இதுல வராதா?"