டிப் டீ கொடுத்த வூடு

எங்க வூட்டுல என்னைப் போலீசுன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு அதுல வருத்தம் ஒன்னும் இல்ல. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி நான் டீத்தூள் வாங்கற கடையில கேட்டாலும் அதையேதான் சொல்லுவாங்க. அங்க டீயை மூட்டையில வச்சு லூசுல விக்கறாங்க. நான் படியேறுனாலே கடைக்காரர் ஒரு கண்ணாடி டம்ளர்ல பச்சைத்தண்ணி ஊத்தி மேசை மேல வச்சிருவாரு. அதுல ஒரு சிட்டிகை போட்டுப் பாப்பேன். சாயம் ஏத்துன சரக்குன்னா போட்ட ஒடனே செவப்பு எறங்கும். நல்ல டீ சும்மா மெதக்கும், சுடுதண்ணி பட்டாத்தான் நெறம் விடும். அப்புறம் கொஞ்சம் இலையை உள்ளங்கையில கொட்டி, வாயால ஊதி, மோந்து பாப்பேன். புதுசுன்னா காஞ்ச வைக்கோலு மாதிரி ஒரு வாசம் மேல ஏறும். பழசுன்னா வெறும் சாக்கு வாடைதான். "அக்கா, நீங்க டீ வாங்கறீங்களா, மாப்ள பாக்கறீங்களா"ன்னு அவரு ஒரு நாள் கேட்டாரு. ரெண்டுத்தையும் இப்படித்தான் பாக்கணும்னு சொல்லிட்டு வந்தேன்.

டிப் டீ மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. இலை டீன்னா தண்ணி தளதளன்னு கொதிச்சதும் அடுப்பை அணைச்சு, இலையைப் போட்டு, ஒரு தட்டால மூடிட்டு, கொடியில கெடக்கற துணிய மடிச்சு வச்சுட்டு வருவேன். தட்டைத் தொறந்தா சுருண்டு கெடந்த இலையெல்லாம் விரிஞ்சு முழுசா கெடக்கும். மொதல்ல அந்த ஆவிய மோந்துட்டுத்தான் வடிகட்டுவேன். பாதி டீ குடிச்ச சந்தோசம் அதுலயே வந்துரும். டிப் டீயில இதெல்லாம் ஏது? உள்ள என்ன இருக்குன்னு கண்ணால பாக்க முடியாது, கையால தொட முடியாது. ஒருக்கா ஆஸ்பத்திரியில கொடுத்த டிப் டீ பையைக் கத்தரிக்கோலால வெட்டியே பாத்துட்டேன். மூட்டைக்கு அடியில தங்குற புழுதிதான் இருந்துச்சு. நல்ல சரக்குன்னா எதுக்குப் பொட்டலம் கட்டி ஒளிச்சு வைக்கணும்னுதான் எனக்குத் தோணும்.

இப்படிப்பட்ட நான் எம் பொண்ணுக்கு மாப்ள பாக்கக் கெளம்புனேன். ஒரே பொண்ணு, டவுன்லயே ஒரு ஆபீஸ்ல வேலை பாக்கறா. வரன் அரியலூரு. பையன் சிமெண்ட் பேக்டரியில இன்ஜினியர். அப்பா தவறிட்டாரு, அம்மாவும் பையனும் மட்டும்தான். அவங்க வந்து பொண்ணைப் பாத்துட்டு, பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. இவளும் அந்தப் பையனும் அன்னையிலேருந்து போன்ல பேச ஆரம்பிச்சுட்டாங்க. இனி நாங்க போயி மாப்ள வூட்டைப் பாத்துட்டு வந்து சரின்னு சொல்லணும், அதுதான் பாக்கி.

எங்க பக்கம் சம்மந்தம் முடிவாகற வரைக்கும் அந்த வூட்டுல கை நனைக்க மாட்டோம். சோறு கீறு எதுவும் சாப்பிடக் கூடாது. டீ, காப்பி மட்டும் குடிக்கலாம். ஆக, ஒரு வூட்டோட லட்சணத்தை அந்த ஒரு வாய் டீயிலதான் கண்டுபிடிச்சாகணும். ஆம்பளைங்க சுவரையும் போர் தண்ணியையும் பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் பால்ல எவ்வளவு தண்ணி, டம்ளர் கழுவுன லட்சணம் என்ன, மனசோட கொடுக்கறாங்களா கடமைக்குக் கொடுக்கறாங்களான்னு பாப்பேன். எம் பொண்ணு காலத்துக்கும் குடிக்கப் போற டீயாச்சே.

நானும் எங்க வூட்டுக்காரரும் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னாடியே ஊர்ந்து போயிச் சேந்தோம். அந்தம்மா சிரிச்ச முகமாத்தான் வாங்கன்னாங்க. கொஞ்ச நேரத்துல தட்டுல கப்பு வந்துச்சு. கப்புல வெறும் சூடான பாலு. வெளிய ஒரு நூலு தொங்குது, நூலு முனையில ஒரு துண்டு அட்டை.

எனக்கு அப்பவே மூக்குல வேர்த்துருச்சு. பொண்ணு கொடுக்க வந்தவங்களுக்கு டிப் டீயா? எங்க வூட்டுக்காரரு பையை முக்கி முக்கி எடுத்தாரு. எடுத்ததை எங்க வைக்கறதுன்னு தெரியாம கையிலயே பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. வெள்ளைச் சட்டையில சொட்டு விழுந்துச்சு. நான் அவரைப் பாக்கல. நான் உக்காந்த எடத்துலேருந்து சமையக்கட்டு நல்லா தெரிஞ்சுது. டீ வர்றதுக்கு முன்னாடி அங்க ஒன்னு நடந்துச்சு, அதையேதான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். அந்தம்மா சர்க்கரை எடுக்கத் திரும்புனாங்க. அந்த நேரம் பாத்து பையன் பால் பாத்திரத்தைத் தூக்கி மோந்து பாத்துட்டு, இருந்த எடத்துலயே வச்சுட்டான். அம்மா திரும்புனதும் ஒன்னும் தெரியாத மாதிரி நின்னான். பெத்த அம்மா காச்சுன பாலை ஒரு பையன் திருட்டுத்தனமா ஏன் மோந்து பாக்கணும்?

தண்ணி குடிக்கற சாக்குல எழுந்து உள்ள போனேன். கேஸ் அடுப்பே இல்ல, கரண்ட் அடுப்பு. மொளகாத்தூள், மல்லித்தூள், பருப்பு எல்லாம் சின்னச் சின்ன சீல் வச்ச பாக்கெட்டு. அரைச்சு வச்சது, லூசுல வாங்குனதுன்னு பேருக்கு ஒரு டப்பா கெடையாது. கெளம்பும்போது அந்தம்மா, "டீ நல்லா இருந்துச்சுங்களா"ன்னு என்னைக் கேட்டாங்க. தலையாட்டுனேன். அப்புறம் எங்க வூட்டுக்காரர்கிட்டயும் அதையே கேட்டாங்க. ஒரு டீக்கு எதுக்கு இத்தனை விசாரணைன்னு எனக்கு இன்னும் சந்தேகமாயிருச்சு.

வூட்டுக்கு வந்ததும் ஒடைச்சுச் சொல்லிட்டேன். "அந்த வூட்டுல என்னமோ மறைக்கறாங்க. எனக்குச் சரியா படல."

"என்னத்தை மறைக்கறாங்க? நல்ல மனுஷங்க, சொந்த வூடு, பையன் தங்கமா இருக்கான்," எங்க வூட்டுக்காரரு சட்டைக் கறையைத் தேய்ச்சுக்கிட்டே சொன்னாரு.

"அந்தம்மா ஒன்னு கஞ்சமா இருக்கணும், இல்லாட்டி சோம்பேறி. அதுவும் இல்லாட்டி ஏதோ சீக்கு. பெத்த பையனே மோந்து பாத்துட்டுக் குடிக்கறான்னா அந்தக் கை எப்படிப்பட்ட கையி?"

எம் பொண்ணு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தா. திரும்பாமலே, "டிப் டீ போட்டா கல்யாணம் நின்னு போகுமாம்மா"ன்னு கேட்டா.

"நிக்கும்டி. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எம் பொண்ணைக் கொண்டுபோய் முக்க முடியாது."

அவ அதுக்கு மேல பேசல. வழக்கமா என் வாய்க்கு வாய் பேசறவ. மூஞ்சி மட்டும் தொங்கிப் போச்சு. அவளுக்கு அந்தப் பையனைப் பிடிச்சுப் போச்சுன்னு எனக்குத் தெரியும். அதனாலேயே நான் இன்னும் உஷாரா இருக்கணும்னு நெனைச்சேன். ஆடி பொறக்கறதுக்குள்ள பதில் சொல்லுங்கன்னு தரகர் வேற உயிரை எடுத்தாரு.

நான் யார்கிட்டயும் சொல்லாம ஒரு வேலை பண்ணுனேன். கல்யாணக் காரியம்னா திருமழபாடிக்குப் போறது வழக்கம்தான். சாமி கும்புட்டுட்டு வரேன்னு காலையில கெளம்பிட்டேன். கும்புட்டுட்டு, கீழப்பழுவூர் வழியா அரியலூர் வந்து, பெரம்பலூர் பஸ் ஏறாம நேரா அந்த வூட்டுக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லாம போனாத்தான் உள்ளது உள்ளபடி தெரியும். பையில என்னோட இலை டீ ஒரு பாக்கெட் வச்சிருந்தேன். பஸ் கசகசப்புல வாசம் போயிரக் கூடாதுன்னு ரெண்டு கவர் போட்டு இறுக்கி முடிஞ்சு வச்சிருந்தேன்.

அந்தம்மா தனியா இருந்தாங்க. பையன் வேலைக்குப் போயிருந்தான். என்னைப் பாத்ததும் பதறித்தான் போனாங்க, ஆனா சந்தோசமா உள்ள கூப்புட்டாங்க. டீப் பாக்கெட்டைக் கொடுத்தேன். வாங்கி மூக்குக்கிட்ட வச்சு, "ஆகா, என்ன வாசம்"னாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு. முடிச்சே இன்னும் அவுக்கல. என் மூக்குக்கே அதுலேருந்து ஒரு துளி வாசம் வராது. பொய் சொல்றாங்க. எதுக்குப் பொய் சொல்றாங்க?

"நீங்களே டீ போடுங்கக்கா, குடிச்சுட்டே போறேன்"னு சொல்லிட்டு சமையக்கட்டு வாசப்படியில நின்னுக்கிட்டேன். பாலை அடுப்புல வச்சுட்டுப் பேச ஆரம்பிச்சாங்க. எம் பொண்ணைப் பத்திக் கேட்டாங்க, புள்ள நல்லா இருக்காளான்னு கேட்டாங்க. பாலு பொங்கி அடங்கிச்சு, சுண்டிச்சு, அடிப்பிடிக்க ஆரம்பிச்சிருச்சு. தீஞ்ச வாடை எனக்கே கண்ணைக் கரிக்குது. அந்தம்மா அடுப்புக்கிட்டயே நின்னுக்கிட்டு சிரிச்சுச் சிரிச்சுப் பேசறாங்க. நான் வாயைத் தொறக்கல. எவ்வளவு நேரம்தான் தெரியாத மாதிரி இருப்பாங்கன்னு பாத்தேன். அந்தப் பாலுலயே டீயைப் போட்டு, வடிகட்டி, எனக்குக் கொடுத்துட்டு அவங்களும் ஒரு வாய் குடிச்சாங்க.

"இலை டீன்னா தனி மணம்தான்"னாங்க.

"அக்கா, பாலு தீஞ்சு போச்சு"ன்னேன்.

அந்தம்மா முகத்துல இருந்த சிரிப்பு அப்படியே நின்னுச்சு. டம்ளரைக் கீழ வச்சாங்க. பாத்திரத்தை எடுத்துச் சாச்சுப் பாத்தாங்க, அடியில கருப்பா ஒட்டியிருந்துச்சு. அப்படியே தரையில உக்காந்துட்டாங்க.

"கொரோனா வந்துட்டுப் போச்சுல்ல, அப்ப போன வாசம் எனக்குத் திரும்பி வரவே இல்லக்கா. உப்பு தெரியும், காரம் தெரியும், இனிப்பு தெரியும். வேற ஒன்னும் தெரியாது. ஆரம்பத்துல லூசுலதான் டீத்தூள் வாங்குவேன். பாச்சை உருண்டை பக்கத்துல வச்சுட்டேன் போலருக்கு, அந்த வாடை ஏறியிருக்கு. எம் பையனோட ஆபீசர் வூட்டுக்கு வந்தப்ப அதையே போட்டுக் கொடுத்துட்டேன். ஒரு வாய் குடிச்சுட்டு அவரு வச்சுட்டாரு. நல்ல வேளை, மறுநாளே இவன் டிப் டீ வாங்கிட்டு வந்தான். இப்ப எல்லாரும் இதுதாம்மா குடிக்கறாங்கன்னான். தப்பிச்சேன்னு நெனைச்சேன்."

"பையன்கிட்டச் சொல்லலாமே?"

"சொன்னா அடுப்புக்கிட்ட விடமாட்டான். சமையலுக்கு ஆள் போட்டுருவான். அவனுக்கு என் கையால சோறு போடறது ஒன்னுதான் எனக்கு மிச்சம். இந்தச் சம்மந்தம் வேணாம்னா வேற காரணம் எதையாவது சொல்லிடுங்க. இதைச் சொல்லிடாதீங்க, அவன் காதுக்குப் போயிரும்."

என்னமோ பெருசா கண்டுபிடிச்சு ஜெயிக்கப் போறவ மாதிரி வந்துட்டு, இப்படி ஒரு மனுஷியத் தரையில உக்கார வச்சுட்டேனேன்னு வெக்கமா இருந்துச்சு. நானே பாத்திரத்தை வாங்கிக் கழுவப் போனேன்.

அந்த நேரம் பையன் வந்துட்டான். வாசல்லயே ஒரு நொடி நின்னான். வூடு பூராவும் தீஞ்ச வாடை. என்னைப் பாத்தான், அவங்க அம்மாவைப் பாத்தான், என் கையில இருந்த பாத்திரத்தைப் பாத்தான். "வாங்க அத்தை"ன்னு சொல்லிட்டு நேரா போயி கொல்லைக் கதவைத் தொறந்து விட்டான், ஃபேனைப் போட்டான். "என்னா வெக்கைம்மா"ன்னான்.

"ஆமாப்பா"ன்னாங்க அந்தம்மா.

அப்பவே எனக்குப் பொறி தட்டிச்சு. பஸ் ஏத்தி விடறேன்னு கூட நடந்து வந்தான். தெரு முக்கு தாண்டுனதும், "தம்பி, அம்மாவுக்கு..."ன்னு இழுத்தேன்.

"தெரியுங்க அத்தை. அவங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். ஊசிப்போன சாம்பாரை நல்லா இருக்குன்னு ஊத்திச் சாப்புட்டாங்க."

"அப்ப ஏன் கேக்கல?"

"அவங்களா சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லல. சரின்னு விட்டுட்டேன். கேஸ் புக் பண்றது தொல்லைன்னு சொல்லி கரண்ட் அடுப்பு வாங்குனேன், அதான் கேஸ் கசிஞ்சாத் தெரியாதுல்லங்க. பாலை நான் ஒரு தடவை மோந்து பாத்துருவேன். டிப் டீ தனித்தனி கவர்ல இருக்கும், வேற வாசம் ஏறாது. மொளகாத்தூள், பருப்பெல்லாம் சின்னப் பாக்கெட்டா வாங்கறதும் அதுக்குத்தான்."

நான் கஞ்சத்தனம்னும் சீக்குன்னும் நெனைச்ச ஒவ்வொன்னும் அந்தப் பையன் அவங்க அம்மா முகம் வாடாம இருக்கறதுக்காகப் பண்ணுனது. பஸ் ஸ்டாண்டு கிட்ட வந்ததும் அவனே சொன்னான்.

"உங்க பொண்ணுகிட்ட மொத நாள் போன் பேசும்போதே இதைச் சொல்லிட்டேங்க. மறைச்சுக் கல்யாணம் பண்ண மனசு வரல. அம்மாவா சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு மட்டும் கேட்டுக்கிட்டேன். உங்ககிட்டயும் சொல்லலையா?"

பஸ் வந்துருச்சு, ஏறி உக்காந்துட்டேன். மொத நாளேவா? அப்ப நான் அந்தம்மாவை அத்தனை பேச்சு பேசும்போது இவ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்திருக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே என் வாய் அடைச்சிருக்கும். கல்யாணமே நின்னு போனாலும் போகட்டும்னு வாயை மூடிக்கிட்டு நின்னிருக்கா. எனக்குக் கோவமும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. பேரளி வரைக்கும் முந்தானையை மூஞ்சியில வச்சுக்கிட்டே வந்தேன்.

வூட்டுக்குள்ள நுழைஞ்சதும், "தரகர் போன் பண்ணுனாரு, என்ன சொல்றது"ன்னு எங்க வூட்டுக்காரரு கேட்டாரு. சரின்னு சொல்லிடுங்கன்னேன். அவரு நம்பாம என்னையே பாத்தாரு.

"அன்னைக்கு என்னமோ மறைக்கறாங்கன்னியே?"

"ஒன்னும் இல்ல. நான்தான் தப்பா நெனைச்சுட்டேன்."

எம் பொண்ணு உள்ளேருந்து எட்டிப் பாத்தா. நான் எங்க போயிட்டு வந்தேன்னு அவ கேக்கல. என் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, என் தோள்பையை வாங்கி ஆணியில மாட்டுனா. நானும் அவளை எதுவும் கேக்கல. நாங்க சரின்னு சொல்றதுக்குத்தான் அந்த வூட்டுல காத்துக்கிட்டு இருந்தாங்க. எம் பொண்ணு மனசால அந்த வூட்டுக்குப் போயி எப்பவோ ஆயிருச்சு.